முதல் சந்திப்பை விற்பனை மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள்: இன்டீரியர் நிறுவன இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

இம்மாதத் தொடக்கத்தில் வடிவமைப்புக் குழுவினருக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை மூன்று முறை படித்தேன். புதிய வாடிக்கையாளருடனான முதல் சந்திப்பு இனி 45 நிமிடங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். அது நமது காட்சிக்கூடத்தில் மட்டுமே நடக்க வேண்டும். விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவரே அதை நடத்துவார். மூன்று பேக்கேஜ்களில் ஒன்றை வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்ததும் முப்பரிமாணப் படமும் கொட்டேஷனும் அன்றைக்கே அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அட்வான்ஸ் வந்த பிறகுதான் டிசைனர் வீட்டைப் பார்க்கச் செல்லலாம் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். 19 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிற என்னால் இந்த முடிவை மௌனமாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அலுவலகத்துக்குள்ளேயே பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது என்று நீங்கள் கருதலாம். நானும் அப்படித்தான் கருதி இரண்டு கடிதங்கள் எழுதினேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை. இதற்கிடையில் வேறு நிறுவனங்களில் பணிபுரியும் நண்பர்களும் ஏறத்தாழ இதே நடைமுறை தங்களிடமும் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆகவே இந்த மடல் உங்களுக்கும், உங்களைப் போல் இன்டீரியர் நிறுவனங்களை நடத்துகிற மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

முதல் சந்திப்பில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் இருக்கும் புரிதல் வேறுபடுகிறது. வாடிக்கையாளர் தமக்கு என்ன வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வருகிறார், அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும் என்று உங்கள் சுற்றறிக்கை கருதுகிறது. என் அனுபவத்தில் பெரும்பாலோர் அப்படி வருவதில்லை. அவர்கள் கொண்டுவருவது கைப்பேசியில் சேர்த்துவைத்த சில படங்களையும், இப்போதைய வீட்டில் தங்களுக்குப் பழகிப்போன சில தொல்லைகளையும்தான். பழகிப்போன தொல்லையை யாரும் தாமாகச் சொல்வதில்லை. தொல்லை என்ற நினைவே அவர்களுக்கு அற்றுப்போயிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் சமையலறையைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு பெண்மணி அழைத்திருந்தார். அவர் தொலைபேசியில் கேட்டவை மூன்று: வெளிர் நிற லேமினேட், நிறைய டிராயர்கள், சத்தமில்லாமல் மூடும் கதவுகள். உங்கள் புதிய முறைப்படி இவற்றை எழுதிக்கொண்டு, படம் காட்டி, கையெழுத்து வாங்கியிருக்கலாம். நான் அவர் வீட்டுக்குப் போனேன். சிங்க்குக்கு முன்னால் தரையில் தடித்த மரப்பலகை ஒன்று கிடந்தது. அதன் நடுவில் இரண்டு பாதங்கள் நிற்கும் அளவுக்கு மட்டும் பாலிஷ் தேய்ந்து, மரம் வெளுத்திருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். "பாத்திரம் கழுவும்போது ஏறி நிற்பேன், பழக்கமாகிவிட்டது" என்றார். அவர் உயரம் 148 சென்டிமீட்டர். அந்தச் சமையல் மேடையின் உயரம் 90 சென்டிமீட்டர். பதினோரு ஆண்டுகளாக அந்தப் பலகையின் மேல் ஏறியும் இறங்கியும் அவர் சமைத்திருக்கிறார். மாலை வேளைகளில் தோள்பட்டை வலிக்கும் என்றார். அதை வயதின் வலி என்று எண்ணியிருந்தார்.

சமையல் மேடையின் உயரத்தை மாற்ற முடியும் என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அவர் எப்படிக் கேட்பார்? நிற்கிறவரின் முழங்கைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே வேலைப்பரப்பு இருந்தால் கையும் தோளும் சிரமப்படாது என்பது தொழிலில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த கணக்கு. அவர் முழங்கை தரையிலிருந்து 92 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. மேடையை 80 சென்டிமீட்டரில் அமைத்தோம்; சிங்க்கின் அடிப்பகுதி விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும் என்பதால் அந்த இடத்தை மட்டும் 85-க்கு உயர்த்தினோம். நமது மூன்று பேக்கேஜ்களிலும் மேடையின் உயரம் ஒன்றேதான் என்பதை நீங்கள் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். காட்சிக்கூடத்தில் 45 நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தப் பலகை நம் கண்ணில் பட்டிருக்காது. அழகான வெளிர் நிறச் சமையலறையின் முன்னால் இன்றைக்கும் அது கிடந்திருக்கும்.

அளவெடுத்து ஆராய்ந்து செய்யப்பட்ட தரப்படுத்தலே போதும் என்று வாதிடுவோருக்கு ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை நினைவுபடுத்த விரும்புகிறேன். ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக அதை வடிவமைத்தார். சமையலறைக்குள் எத்தனை அடி நடக்கிறோம், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டு உருவாக்கிய அந்தச் சமையலறை ஏறத்தாழ 10,000 குடியிருப்புகளில் பொருத்தப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனின் முன்னோடி என்று நாம் போற்றுவதும் அதைத்தான். அவர் உழைப்பின்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் 1.9 மீட்டர் அகலமே கொண்ட அந்த அறையில் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வது கடினமாக இருந்தது. ஒருவர் மட்டுமே சமைப்பார் என்ற அனுமானத்தின்மேல் அது கட்டப்பட்டிருந்தது. அத்தனை ஆய்வுக்குப் பிறகும் ஒவ்வொரு வீட்டின் பழக்கத்துக்கும் அது பொருந்திவிடவில்லை என்றால், எந்த ஆய்வும் இல்லாமல் கணினியிலிருந்து எடுத்துத் தருகிற நமது படங்களைப் பற்றி என்ன சொல்வது?

இனி என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நமது நிறுவனத்தில் சேர்வதற்கு முன், வேறோர் இடத்தில் பணியாற்றியபோது நடந்தது அது. அங்கே முதல் சந்திப்புக்கு ஒரு படிவம் வைத்திருந்தார்கள். "வீட்டில் எத்தனை பேர்?" என்பது அதன் முதல் கேள்வி. வந்திருந்த தம்பதியர் "மூன்று" என்று எழுதினார்கள். தாங்கள் இருவரும் மகளும். அடுத்த சந்திப்பு காத்திருந்த அவசரத்தில் நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். ஆறு மாதம் கழித்து, வேலை முடிந்து, அவர்கள் குடிபுகுந்த பிறகு ஒரு நாள் அழைத்தார்கள். இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து அந்த அம்மையாரின் தந்தை அங்கே தங்க வந்திருந்தார். வாக்கரின் அகலம் 64 சென்டிமீட்டர். நான் வரைந்து கொடுத்த குளியலறைக் கதவைத் திறந்தால் கிடைக்கும் இடைவெளி 61 சென்டிமீட்டர். அந்த மூன்று சென்டிமீட்டருக்காக அந்தப் பெரியவர் வாக்கரை வாசலில் விட்டுவிட்டு, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனதை நான் நின்று பார்த்தேன். கதவுச் சட்டத்தைப் பெயர்த்து, புதிதாக ஒட்டிய டைல்ஸை உடைத்து, மறுபடியும் செய்தோம். முதல் சந்திப்பு நடந்தபோதே அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தாகியிருந்தது என்பது பின்னர் தெரிந்தது. அவர்கள் மறைக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை. "அடுத்த ஐந்து ஆண்டுகளில் இந்த வீட்டில் யார் யார் வந்து தங்கக்கூடும்?" என்ற ஒரே ஒரு கேள்வி போதுமாயிருந்தது. கதவு வழிக்கு 32 அங்குலம், அதாவது ஏறத்தாழ 81 சென்டிமீட்டர் இடைவெளியாவது இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் தரநிலைகள் கூறுவதை நான் படித்திருந்தேன். யாருக்காக அதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அன்று எனக்குத் தெரியாமற்போயிற்று.

அன்று முதல் நான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதில்லை. காலையில் முதலில் எழுபவர் யார், அவர் விளக்கைப் போட்டால் யாருடைய தூக்கம் கலையும், வெளியிலிருந்து வந்ததும் பையை எங்கே வைக்கிறீர்கள், துணி எங்கே உலர்கிறது, சண்டை வந்தால் யார் எந்த அறைக்குப் போவார்கள் என்றுதான் கேட்கிறேன். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதன் பிறகு வருகிற பதில்களில்தான் வீட்டின் உண்மையான திட்டம் இருக்கிறது. இத்தகைய கேள்விகளை, வாடிக்கையாளரை முதன்முதலாகப் பார்க்கிற பத்தாவது நிமிடத்தில் கேட்டுவிட முடியாது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வீட்டில் கணவரே முக்கால் மணி நேரமும் பேசினார். தடுப்புச் சுவர்களை எடுத்துவிட்டு, வரவேற்பறை முதல் படிப்பறை வரை ஒரே திறந்தவெளியாக வேண்டும் என்பது அவர் விருப்பம். தெளிவாகவும் ஆர்வத்தோடும் சொன்னார். மனைவி தலையசைத்துக்கொண்டிருந்தார். ஒரு தொலைபேசி அழைப்புக்காகக் கணவர் எழுந்து வெளியே போனபோது, மனைவி மெல்லிய குரலில், "எனக்கு மூடிக்கொள்ள ஒரு கதவு வேண்டும்" என்றார். அவர் செவிலியர், மாதத்தில் பாதி நாள் இரவுப்பணி. பகலில் தூங்க வேண்டியவருக்குத் திறந்தவெளி வீடு என்ன செய்யும் என்பதை இருவருமே அதுவரை வாய்விட்டுப் பேசியதில்லை. கணவர் திரும்பி வந்ததும் மூவருமாக அதைப் பேசினோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, சுவரை அப்படியே விட்டுவிடலாம் என்றார். அந்தச் சந்திப்பின் 50-ஆவது நிமிடத்துக்குப் பிறகு நடந்தது இது. உங்கள் கணக்குப்படி அதற்குள் அவர்கள் பேக்கேஜைத் தேர்ந்தெடுத்துப் பணமும் கட்டியிருப்பார்கள்.

அன்றைக்கே படம் தர வேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பளபளப்பான முப்பரிமாணப் படம் ஒன்றைக் காட்டிவிட்டால் பேச்சு அந்தப் படத்தைச் சுற்றியே சுழலத் தொடங்கிவிடுகிறது. சோபாவின் நிறத்தை மாற்றலாமா, இந்த விளக்கு வேண்டாமே என்று வாடிக்கையாளர் நமது அனுமானங்களுக்குள் நின்றுகொண்டே திருத்தம் சொல்கிறார். அந்த அனுமானங்கள் சரியா என்று கேட்கும் வாய்ப்பு இருவருக்குமே போய்விடுகிறது. அவர்கள் கொண்டுவரும் படங்களும் அப்படித்தான். சாம்பல் நிற சோபா உள்ள ஏழெட்டுப் படங்களைக் காட்டிய ஒருவரிடம், இதில் எது உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். எல்லாப் படங்களிலும் இடப்பக்கம் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் வழியே காலை வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது அந்த வெளிச்சம். அவர் குடியிருந்த வீட்டில் கிழக்குச் சுவரின் ஜன்னலை உயரமான அலமாரி ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது.

வெளிச்சத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று: 60 வயதானவரின் விழித்திரையைச் சென்றடையும் ஒளி, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வீட்டில் படிக்கிறவர் யார், அவருக்கு என்ன வயது என்று தெரியாமல் விளக்குகளின் எண்ணிக்கையைக் கொட்டேஷனில் போடுவது எப்படிச் சரியாகும்?

கொட்டேஷனும் அப்படியே. சைட்டைப் பார்க்காமல் தரும் தொகை, தொகையாக இருக்காது. சுவர்கள் செங்கோணத்தில் இருப்பதில்லை. ஒரே சுவரைத் தரையருகிலும் நடுவிலும் மேலேயும் அளந்தால் 20 மில்லிமீட்டர் வரை வேறுபடுவதை நான் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். எந்தச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, பீம் எங்கே இறங்குகிறது, தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது, எட்டடிப் பிளைவுட் பலகை லிஃப்டில் ஏறுமா, மின் இணைப்பு புதிய அடுப்பைத் தாங்குமா என்பவை யாவும் நேரில் போனால் மட்டுமே தெரியும். இவை தெரியாமல் கொடுத்த தொகை பிறகு ஏறும்போது, வாடிக்கையாளர் நம்மை ஏமாற்றுக்காரர் என்று நினைக்கிறார். அவர் நினைப்பதில் எனக்குக் குறை தெரியவில்லை. பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டிய இடம் முதல் சந்திப்புதான் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அங்கே சொல்ல வேண்டியது, இன்னின்ன வேலைக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை ஆகலாம், வடிவமைப்புக் கட்டணம் இது, எதிர்பாராத செலவுக்கு 10 முதல் 15 சதவீதம் ஒதுக்கி வையுங்கள் என்பதாகும். பட்ஜெட்டைச் சொன்னால் முழுவதையும் செலவழிக்க வைத்துவிடுவார்கள் என்று அஞ்சி, பலர் குறைத்தே சொல்கிறார்கள். அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் நாமே.

பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனமான ரிபா, 1963 முதல் கட்டடப் பணிகளுக்கான படிநிலைத் திட்டம் ஒன்றை வெளியிட்டுத் திருத்தி வருகிறது. 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில் சுழியம் முதல் ஏழு வரை எட்டு நிலைகள் இருக்கின்றன. வடிவமைப்பு என்ற சொல் மூன்றாவதாக வரும் நிலையில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய இரண்டு நிலைகளும், கட்டுவதுதான் இந்தத் தேவைக்கு வழியா என்று தீர்மானிப்பதற்கும், தேவைகளைக் கேட்டறிந்து பிரீஃபாக, அதாவது தேவைக் குறிப்பாக, எழுதி வைப்பதற்கும் ஒதுக்கப்பட்டவை. நாமோ அந்த இரண்டையும் 45 நிமிடத்துக்குள் அடைத்து, விற்பனை இலக்கு வைத்திருக்கும் ஒருவர் கையில் கொடுக்கப் பார்க்கிறோம். விற்பனைப் பிரிவில் இருக்கும் தோழர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அன்று மாலைக்குள் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கிறவர், கையெழுத்தைத் தள்ளிப்போடக்கூடிய கேள்வியை எப்படிக் கேட்பார் என்பதே என் கவலை.

உங்கள் தரப்பு நியாயத்தையும் நான் அறிவேன். இலவச ஆலோசனை என்று வந்து, இரண்டு மணி நேரம் பேசி, யோசனைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு வேறிடத்தில் வேலையைக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கே அது நேர்ந்திருக்கிறது, வலிக்கத்தான் செய்யும். அதற்குத் தீர்வு நேரத்தைக் குறைப்பதாக இருக்க முடியாது. மருத்துவரும் வழக்கறிஞரும் முதல் ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. நாமும் முதல் சந்திப்புக்கு ஒரு கட்டணத்தை முன்கூட்டியே அறிவித்து வாங்கலாம். வேலை நமக்கே வந்தால் அதை வடிவமைப்புக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். கட்டணம் கொடுத்து வருகிறவர் தம் நேரத்தையும் நம் நேரத்தையும் மதித்தே பேசுவார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையில் உள்ள 45 நிமிட வரம்பையும், அன்றைக்கே படமும் கொட்டேஷனும் தர வேண்டும் என்ற விதியையும் முழுவதுமாகத் திரும்பப் பெறுங்கள். முதல் சந்திப்பு வாடிக்கையாளர் இப்போது வசிக்கும் வீட்டில், குறைந்தது இரண்டு மணி நேரம், அந்த வேலையைக் கடைசி வரை செய்யப்போகும் டிசைனரால் நடத்தப்படட்டும். புதிய வீடு காலியாக இருந்தாலும் பழைய வீட்டைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். அங்கே வசிக்கும் அனைவரிடமும், குழந்தைகளிடமும்கூட, தனித்தனியாகச் சில நிமிடங்களாவது பேசுவதைக் கட்டாயமாக்குங்கள். சந்திப்பு நடந்த நாளில் எந்தக் காரணத்துக்காகவும் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று விதி செய்யுங்கள். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கேட்டவற்றை எல்லாம் எளிய மொழியில் பிரீஃபாக எழுதி, ஒரு வாரத்துக்குள் வாடிக்கையாளருக்கு அனுப்பி, அவர் திருத்திக் கையொப்பமிட்ட பிறகே முதல் கோட்டை வரைய வேண்டும். தச்சரும் எலக்ட்ரீஷியனும் சைட்டுக்கு வரும்போது அந்தத் தாளின் நகல் அவர்கள் கையிலும் இருக்கட்டும். 80 சென்டிமீட்டர் ஏன் என்று தெரிந்த தச்சர் அதை 90 ஆக்க மாட்டார். பொருள் விற்பவர்களிடமிருந்து நிறுவனத்துக்குக் கமிஷன் வருமானால், அது எந்தெந்தப் பொருளுக்கு என்பதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட அனுமதியுங்கள். ஆலோசனைக் கட்டணத்தை எவ்வளவு என்று நீங்களே முடிவு செய்து பொதுவில் அறிவியுங்கள்.

இந்த மாத இறுதிக்குள் எழுத்து வடிவில் பதில் எதிர்பார்க்கிறேன். அதுவரை என் பெயரில் ஒதுக்கப்படும் எந்தப் புதிய வாடிக்கையாளரையும் பழைய முறையிலேயே, அவர் வீட்டுக்குச் சென்று சந்திப்பேன். அதனால் வரும் எந்த நடவடிக்கையையும் ஏற்றுக்கொள்கிறேன். வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அப்படி ஒரு சந்திப்பு இருக்கிறது. உங்களில் ஒருவர் என்னுடன் வந்து, இரண்டு மணி நேரமும் உடனிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வீட்டாரிடம் அனுமதி பெற்றுவிட்டேன்.

இப்படிக்கு,
வடிவமைப்புக் குழுவின் மூத்த டிசைனர்